நாற்பது குச்சிகளும் மூன்று நாற்காலிகளும்

கீழ்மேடு என்று ஒரு சின்ன நகரம் இருந்தது. அங்கே மனிதர்கள் இல்லை. சாமான்கள்தான் குடியிருந்தன. ஓட்டுப் போட்டன, வரி கட்டின, சண்டை பிடித்தன, சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்று வெட்டிப்பேச்சும் பேசின.

ஊர் சரிவில் இருந்தது. மேலே மேட்டுத் தெரு, கீழே பள்ளத் தெரு. மேட்டில் பெய்கிற மழையெல்லாம் பள்ளத்துக்குத்தான் ஓடி வரும். வந்த தண்ணீர் அங்கே தங்காது. மெயின் ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் படுத்திருந்தது. அதன் வயிற்றுக்குள் புகுந்து ஏரிக்குப் போய்விடும். முப்பது வருஷமாக அந்தக் குழாய் எழுந்து உட்கார்ந்ததில்லை. எழுந்தால் ரோடு விழுந்துவிடும்.

குழாய்க்கு நேர் எதிரே ஒரு தீப்பெட்டி குடியிருந்தாள். அவளுக்கு நாற்பது பிள்ளைகள். எல்லாம் குச்சிகள், எல்லோருக்கும் சிவப்புத் தலை. ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு, "தள்ளிப் படுடா", "நீ தள்ளுடா", "அம்மா, இவன் உரசறான்" என்று ஓயாமல் கலகலத்துக்கொண்டிருக்கும்.

தீப்பெட்டிக்கு ஒரே ஒரு பயம்தான். தண்ணீர். ஈரம் பட்ட குச்சி செத்துப்போகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படியேதான் இருக்கும். சிவப்புத் தலை சிவப்பாகவே இருக்கும். உரசினால் மட்டும் ஒன்றும் வராது.

ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, மேட்டுத் தெருவிலிருந்து ஒரு இன்ச் டேப் இறங்கி வந்தது.

"வாயைத் திற," என்றது குழாயிடம்.

"எதுக்குத் தம்பி?"

"சும்மா. ஒரு அளவு." டேப் சர்ரென்று நீண்டது. குழாயின் வாயைக் குறுக்கே அளந்தது, நெடுக்கே அளந்தது. "மூணடி... எட்டு மூட்டை சிமெண்ட் போதும். சரி, மூடிக்கலாம்."

"எதை மூடிக்கலாம்?"

"வாயைத்தான்." சர்ரென்று சுருண்டது, போய்விட்டது.

குழாய் மெல்லக் கூப்பிட்டது. "தாயி, முழிச்சிருக்கியா? இப்ப வந்துட்டுப் போனவன் பேச்சைக் கேட்டியா?"

கேட்டிருந்தாள். அவளுக்குள்ளே நாற்பது பிள்ளைகளும் கேட்டிருந்தார்கள். ஒன்றுகூடக் கலகலக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி தெருத்தெருவாக அலறிக்கொண்டு வந்தது.

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ! கீழ்மேடு நகராட்சிப் பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! நமது நகரத் திட்டக் குழுவுக்குத் தன்னார்வத் தொண்டர்கள் தேவை, தேவை, தேவை! மூன்று உறுப்பினர்கள், ஒரு மாற்று உறுப்பினர்! எதை எங்கே கட்டலாம், எதை எங்கே மூடலாம் என்று நீங்களே முடிவு செய்ய ஓர் அரிய வாய்ப்பு! சம்பளம் கிடையாது! டீ உண்டு! வடை சந்தேகம்! விண்ணப்பம் நகராட்சி ஜன்னலில்! வாரீர், வாரீர்!"

"அந்தக் குழுவுக்கு முன்னால வரப்போற மொத ஃபைலே நாந்தான்," என்றது குழாய். "என் வாயை அடைச்சு மேல கடை காம்ப்ளக்ஸ் கட்டணுமாம். குழு சரின்னா சரி. வேண்டாம்னா வேண்டாம். அவ்வளவுதான் விஷயம்."

"நீங்க போய்ச் சொல்லுங்க மாமா."

"நான் எந்திரிச்சா ரோடு உக்காந்துரும். நீ போ."

"நான் சின்னப் பெட்டி மாமா. சபையில நின்னு பேசுனா எனக்கு உள்ள இருக்கிறதெல்லாம் ஆட்டம் கொடுக்கும்."

"ஆடட்டும் தாயி. அந்தச் சத்தமாவது அவங்க காதுல விழட்டும்."

நகராட்சி ஜன்னலுக்குப் பின்னால் ரப்பர் முத்திரை உட்கார்ந்திருந்தது. அதுதான் நகர்மன்றத்தின் செயலாளர். அதன் வாயில் பாதிப் பேச்சு "டப்", மீதிப் பேச்சு விதி.

"டப்! அடுத்து! டப்! அடுத்து! ஏம்மா, பேனா கொண்டு வரலையா? பேனா இல்லாம எதுக்கு வர்றீங்க எல்லாம்? டப்!"

விண்ணப்பத்தில் ஏழு கேள்விகள். ஆறு வரைக்கும் தீப்பெட்டி கடகடவென்று எழுதிவிட்டாள். ஏழாவதில் நின்றாள். 'குழு எடுக்கும் முடிவுகளால் உங்களுக்கு நேரடிப் பாதிப்பு ஏதும் உண்டா?'

வரிசையில் பின்னால் நின்ற பிளாஸ்டிக் குடம் எட்டிப் பார்த்தது. மேட்டுத் தெருக் குடம். காலிக் குடமாதலால் எது சொன்னாலும் மூன்று தடவை கேட்கும். "இல்லைன்னு போடுங்க... டுங்க... டுங்க. நான் அப்படித்தான் போட்டேன். எனக்கு என்ன பாதிப்பு? மழை பெஞ்சா பெய்யுது... யுது... யுது."

"உங்களுக்கு இல்லை. அதனால போட்டீங்க. எனக்கு இருக்கே."

பள்ளத் தெரு அரிசி மூட்டையும் வரிசையில் இருந்தார். பெரிய உடம்பு. நின்றபடியே மூச்சு வாங்கினார். "உண்மையைப் போடு தங்கச்சி. நானும் உண்டுன்னுதான் போட்டிருக்கேன். பாதிப்பு உள்ளவன் சொன்னாத்தானே நல்லாக் கேப்பாங்க?"

தீப்பெட்டிக்கும் அது சரியென்று பட்டது. எழுதினாள்: 'உண்டு. நாற்பது.'

முத்திரை அதைப் படித்தது. ஜன்னல் வழியாக அவளை மேலும் கீழும் பார்த்தது. "டப்!"

நேர்காணல் புதன்கிழமை. மன்றத்தில் மூன்று பேர். தலைவர் மணிக்கூண்டு. ஆறு வருஷம் முன்னால் அதன் முட்கள் பத்து பத்தில் நின்றன. பழுது பார்க்க ஃபைல் போட்டது, ஃபைலும் நின்றது. இப்போது ஊரில் எப்போதும் மணி பத்து பத்துதான். யாரும் எதற்கும் தாமதமாக வந்ததே இல்லை.

தலைவருக்கு வலது பக்கம் வேகத்தடை. எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்று குறுக்கே படுத்துக்கொள்ளும். இடது பக்கம் ஃபிளெக்ஸ் பேனர். சிரித்த முகம், கூப்பிய கை. அதற்கு வேறு முகம் அச்சடிக்கப்படவில்லை.

முறை எளிது. ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும். எல்லோருக்கும் அதே மூன்று கேள்வி. ஆளுக்கு இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷத்தைக் கணக்குப் பார்ப்பது தலைவர். ஓடாத முட்களை வைத்துக்கொண்டு.

முதலில் தெர்மாகோல் போனது. நடந்தாலே க்ரீச் க்ரீச் என்று பல் கூசும்.

"ஏன் இந்தப் பணிக்கு வர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டது மணிக்கூண்டு.

"எனக்கு எதுலயும் ஒட்டுதல் கிடையாது சார். காத்து எப்படியோ நானும் அப்படி."

"என்ன அனுபவம்?"

"மாடல் கட்டடமா நின்னிருக்கேன் சார். காம்ப்ளக்ஸ், பூங்கா, பச்சை மரம், நீல ஏரி, எல்லாம் என் மேலதான் ஒட்டிக் காட்டுவாங்க. என் ஏரி ஒரு தடவைகூடப் பொங்கினது இல்லை."

"அருமை, அருமை!" என்றது பேனர். "இடமறிந்த இமயமே! திட்டம் தீட்டும் திலகமே!"

"கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள்?"

"நொறுங்கிருவேன் சார். அதனால அந்த அளவுக்குப் போக விடமாட்டேன்."

டீ வந்தது. தெர்மாகோலும் குடித்தது. டீ டம்ளர் காலியாகி, ஈ உட்கார்ந்து, ஈயும் எழுந்து போன பிறகு, "இரண்டு நிமிஷம் ஆயிற்று," என்றது மணிக்கூண்டு.

அடுத்துக் குடம். அதற்கும் இரண்டு நிமிஷம். அதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அடுத்து ஒரு பழைய ரப்பர் பந்து. பள்ளி மைதானத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றது. இடுப்பில் ஒரு கிழிசல் இருந்தது. "எந்தப் பக்கம் உதைச்சாலும் போவேன்ங்க, டொய்ங்! மைதானத்துல என்னைப் பத்தி ஒரு புகார் கிடையாதுங்க, டொய்ங்!" மன்றம் சிரித்து மகிழ்ந்தது.

அரிசி மூட்டை உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். "உக்காரவே இல்லை தங்கச்சி. அதுக்குள்ள ரெண்டு நிமிஷம் ஆயிருச்சாம்," என்றார். முகம் வெளிறியிருந்தது. "ஏழாவது கேள்வியைத்தான் பார்த்தாங்க. வேற ஒண்ணையும் பார்க்கலை."

வெளியே வானம் ஒரு பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. தீப்பெட்டியின் வயிற்றுக்குள் பிள்ளைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

அவள் வாசலில் கால் வைத்ததுமே வேகத்தடை புடைத்து எழுந்தது. "மெதுவா, மெதுவா! அங்கேயே நில்லும்மா! ஃபைல் பக்கத்துல வராத! உன்னை உள்ள விட்டது யாரு? இங்க எல்லாம் காகிதம்!"

"நான் யாரையும் எரிக்க வரலைங்க."

"எரிக்க வர்றவங்க சொல்லிட்டா வருவாங்க?"

"ஏன் இந்தப் பணிக்கு வர விரும்புகிறீர்கள்?" என்றது மணிக்கூண்டு.

அவள் வழியெல்லாம் மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். "எங்க தெருவுக்கு வர்ற தண்ணி ஒரே குழாய் வழியாத்தான் வெளிய போகுது. அந்தக் குழாயை மூடினா..."

"டப்!" என்றது முத்திரை. "விண்ணப்பம் ஏழாவது கேள்வி. பாதிப்பு உண்டு, நாற்பது, என்று எழுதியிருக்கிறார்."

பேனர் சிரித்தது. அதனால் சிரிக்காமல் இருக்க முடியாது. "தாயுள்ளமே! நீங்கள் நாற்பது பேருக்காக வந்திருக்கிறீர்கள். நாங்கள் நாற்பதாயிரம் பேருக்காக உட்கார்ந்திருக்கிறோம்."

"அந்த நாற்பதாயிரத்துல என் நாற்பது இருக்குங்களா?"

பெட்டிக்குள் குச்சிகள் ஆடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இரண்டு நிமிஷம் ஆயிற்று," என்றது மணிக்கூண்டு.

மூவரும் சீட்டில் பெயர் எழுதி முத்திரையிடம் கொடுத்தார்கள். முத்திரை சத்தமாகப் படித்தது. தெர்மாகோல், மூன்று ஓட்டு. குடம், மூன்று. பந்து, மூன்று. எல்லோரும் கை தட்டினார்கள். குடம் மட்டும் ஒன்பது தடவை தட்டியது போலிருந்தது.

"மாற்று உறுப்பினர்?" என்று கேட்டது வேகத்தடை. "அந்த நாற்காலியைக் காலியா விட்டுரலாமே. மெதுவாப் பார்த்துக்கலாம்."

"கூடாது, கூடாது," என்றது பேனர். "பள்ளத் தெருவுக்கு இடமே இல்லை என்று நாளைக்கு ஒருத்தன் பேசுவான். தீப்பெட்டியைப் போடுங்கள். போட்டோவில் நிற்கட்டும். மாற்று உறுப்பினருக்கு ஓட்டா இருக்கிறது? மூன்று பேரில் ஒருத்தர் வராவிட்டால்தானே ஓட்டு?"

அப்படித்தான் தீப்பெட்டி திட்டக் குழுவுக்குத் தேர்வானாள். பள்ளத் தெருவில் அன்றைக்குப் பெரிய கொண்டாட்டம். அரிசி மூட்டை தன்னிடமிருந்தே ஒரு படி எடுத்துப் பொங்கல் வைத்தார். குழாய் மட்டும் சிரிக்கவில்லை. "யாராவது ஒருத்தர் வராம இருக்கணும் தாயி. அது நடக்கணுமே."

நடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் குழு முதல்முறையாகக் கூடியது. பியூன் துடைப்பம் வந்து மின்விசிறியைப் போட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தெர்மாகோல் "க்ரீச்" என்று ஒரு சத்தம் போட்டு எழும்பி, ஜன்னல் வழியாகப் போய், எதிரே புங்க மரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டது.

"உறுப்பினர் வருகை இல்லை. டப்!" என்றது முத்திரை. "மாற்று உறுப்பினர் இருக்கையில் அமரலாம்."

தீப்பெட்டி உட்கார்ந்தாள். நாற்காலி பெரிது. அவள் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை.

"அம்மா, நாம உக்காந்துட்டோமா?" என்று உள்ளிருந்து கடைக்குட்டி கேட்டான்.

"உக்காந்துட்டோம்டா."

"அப்ப மாமா வாயை மூட மாட்டாங்களா?"

"பேசாம இரு. ஃபைல் வருது."

முத்திரை ஃபைலைப் பிரித்தது. "பொருள் ஒன்று. பள்ளத் தெரு மழைநீர்க் குழாயை அடைத்து, அவ்விடத்தில் வணிக வளாகம் கட்டுதல். விதி பதினொன்று. பொருளால் நேரடிப் பாதிப்பு உள்ள உறுப்பினர், அப்பொருள் முடியும்வரை அறைக்கு வெளியே இருக்க வேண்டும்." அது நிமிர்ந்து தீப்பெட்டியைப் பார்த்தது. "ஏம்மா, எழுந்திருங்க."

"என்னைத்தானே இப்ப உக்காரச் சொன்னீங்க?"

"உட்காரலாம். இந்தப் பொருளுக்கு மட்டும் உட்காரக்கூடாது. பாதிப்பு இல்லாத விஷயத்துக்கு நீங்க தாராளமா ஓட்டுப் போடலாம்."

"பாதிப்பு இல்லாத விஷயத்துக்கு எனக்கு எதுக்குங்க ஓட்டு?"

முத்திரைக்கு அதற்கு விதி இல்லை. "டப்!" என்றது.

அவள் எழுந்தாள். ஃபைல் மேசை மேல் இரண்டு சாண் தூரத்தில் இருந்தது. மூத்தவன் உள்ளிருந்து முணுமுணுத்தான். "அம்மா, என்னை விடும்மா. நான் ஒருத்தன் போறேன். ஃபைல் சாம்பலாயிரும். மிச்ச முப்பத்தொம்பது பேரும் பிழைச்சுக்குவீங்க."

ஒரு உரசல் போதும். பார்வையாளர் வரிசையிலிருந்த வேகத்தடை அவளையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பயந்தும், எதிர்பார்த்தும்.

"வேண்டாம்டா," என்றாள் மெதுவாக. "அதுக்கு மூணு நகல் இருக்கு. நமக்கு நகல் இல்லை. அதுவுமில்லாம, நம்மளைப் பத்தி அவங்க என்ன சொன்னாங்களோ அது நெசமாயிரும்."

வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே ஓட்டோடு இருந்தது குடமும் பந்தும்தான். குடம் உடனே "சம்மதம்... மதம்... மதம்" என்றது. பந்துக்குக் கொஞ்சம் தயக்கம். "அந்தம்மா என்னமோ சொல்ல வந்தாங்களே, டொய்ங்... கேட்டுட்டு..." என்று இழுத்தது. ஆனால் அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. பார்வையாளராக வந்திருந்த பேனர் நின்ற பக்கம் சாய்வு. மேசை மேல் இருந்த பந்து பேசிக்கொண்டிருக்கும்போதே உருண்டு உருண்டு பேனரின் காலடியில் போய் நின்றது.

"ஒருமனதாக நிறைவேறியது. டப்!"

திங்கட்கிழமை எட்டு மூட்டை சிமெண்ட் வந்தது. தீப்பெட்டி எதிரே நின்று பார்த்தாள். குழாயின் வாய் பாதி அடைந்துவிட்டது, முக்கால் அடைந்துவிட்டது. ஒரு கை நுழைகிற ஓட்டைதான் மிச்சம். அதன் வழியாகக் குழாய் பேசிக்கொண்டே இருந்தது.

"பயப்படாத தாயி. நான் உள்ள இருந்து முட்டிப் பாக்கேன். மழை வலுத்தா நீ பிள்ளைங்களைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறிரு. அங்க யாரு கதவைத் தட்டணும்னா..."

ஒரு கரண்டிச் சிமெண்ட் விழுந்தது. யார் கதவைத் தட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. முதலில் தெரு நனைந்தது. பிறகு தெருவைக் காணோம். தண்ணீர் வழக்கம்போல் குழாயைத் தேடி வந்தது. சிமெண்டில் முட்டியது, முகர்ந்து பார்த்தது, திரும்பியது. திரும்பி வந்த தண்ணீருக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, ஒவ்வொரு படியாக ஏறியது. சத்தமே போடவில்லை. அந்தச் சத்தமில்லாமைதான் பிள்ளைகளை அழ வைத்தது.

அரிசி மூட்டையின் வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "தங்கச்சி, என் உடம்பு வீங்குது. என்னமோ மாதிரி வீங்குது." கொஞ்ச நேரம் கழித்து, துணி கிழிகிற சத்தம். அதன் பிறகு குரல் வரவில்லை. தண்ணீர் மட்டும் வெள்ளையாகக் கலங்கி வந்தது.

தீப்பெட்டி தன் வாசல்படியின் கடைசிக் கல்லில் ஏறி நின்றாள். அதற்கு மேல் ஏற ஒன்றும் இல்லை.

அப்போது தூரத்தில் குழு வந்துகொண்டிருப்பது தெரிந்தது. முன்னால், புங்க மரத்திலிருந்து மழையில் விழுந்த தெர்மாகோல், நடுவில் குடம், பின்னால் பந்து. தண்ணீர் மேல் ஒய்யாரமாக ஆடி ஆடி வந்தார்கள்.

"வெள்ள ஆய்வு... யுவு... யுவு!" என்றது குடம். "யாரும் பதற வேண்டாம். நிலைமையை நேரில் பார்க்கிறோம். தண்ணி நல்லாத்தான் இருக்கு... ருக்கு... ருக்கு."

"நிறையப் பேசுறாங்க, மூழ்கும் அது இதுன்னு," என்றது தெர்மாகோல். "க்ரீச்! நான் வந்த வழியெல்லாம் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஐயா, உங்க வயித்துக்குள்ள எவ்வளவு இடம் இருக்கு!" என்று தீப்பெட்டி குடத்தைப் பார்த்துக் கத்தினாள். "என் பிள்ளைங்களை மட்டும் போட்டுக்கங்க. நான் வரலை. அதுங்களை மட்டும்!"

குடம் தன் காலி வயிற்றை ஒருமுறை பார்த்தது. உண்மையிலேயே சங்கடப்பட்டது. "இடம் இருக்கும்மா... கும்மா. ஆனா நீங்க சம்பந்தப்பட்ட ஆளு. உங்க பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் ஆய்வு பண்ணா என் நடுநிலை என்னாகும்... னாகும்... னாகும்? மனு கொடுங்க. பரிசீலிப்போம்." ஆடி ஆடிப் போய்விட்டது. தெர்மாகோலும் போய்விட்டது.

பந்து போகவில்லை. படிக்கல்லில் வந்து லேசாக முட்டியது. "சத்தம் போடாதீங்க," என்றது. அன்றைக்கு அது டொய்ங் என்று சொல்லவில்லை. "என் இடுப்புல ஒரு கிழிசல் இருக்கு. ஒண்ணுதான் பிடிக்கும். ஒண்ணே ஒண்ணு. சீக்கிரம்."

நாற்பதில் ஒன்று.

அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். "நான்" என்று ஒரு குரல்கூட வரவில்லை. மூத்தவன்தான் பேசினான். "கடைக்குட்டியைக் கொடும்மா. யோசிக்காத. நேரமில்லை."

"நான் போகமாட்டேன்!" என்று கடைக்குட்டி அலறினான். முப்பத்தொன்பது பேரும் சேர்ந்து அவனை வெளியே தள்ளினார்கள்.

கிழிசல் மூடிக்கொண்டது. பந்து மிதந்து நகர்ந்தது. தீப்பெட்டி மிச்சப் பிள்ளைகளை உள்ளே தள்ளி, பெட்டியை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை மெயின் ரோடு உட்கார்ந்துவிட்டது. அடியில் குழாய் முட்டியிருக்க வேண்டும். வழி கிடைத்ததும் தண்ணீர் வடியத் தொடங்கியது. ரோட்டோடு வேகத்தடையும் போய்விட்டது. மெதுவாகப் போனதாகத் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து மன்றம் கூடியது. கரண்ட் இல்லை. ஊறிப்போன ஜன்னல்கள் திறக்க மறுத்தன. வெளியே பகல், உள்ளே இருட்டு. மணிக்கூண்டு இருந்தது, மணி பத்து பத்து. சேறு அப்பிய பேனர் இருந்தது, சிரித்துக்கொண்டு. முத்திரை இருந்தது. மை கரைந்துபோனதால் அது எங்கே குத்தினாலும் ஒன்றும் விழவில்லை. குழுவினர் மூவரும் தங்கள் நாற்காலிகளில் சௌக்கியமாக இருந்தார்கள்.

"மாற்று உறுப்பினர் இடம் காலியாகிவிட்டது," என்றது மணிக்கூண்டு. "விதிப்படி உடனே அறிவிப்பு வெளியிட வேண்டும். முத்திரை, அறிவிப்பைப் படி."

"இருட்டா இருக்குங்க தலைவரே. எழுத்து தெரியலை."

"தீப்பெட்டியைக் கூப்பிடுங்கள்."

துடைப்பம் போய், வாசலோரம் ஒதுங்கிக் கிடந்த பெட்டியைக் கொண்டு வந்து மேசை மேல் வைத்தது. முன்பு அந்த மேசைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லப்பட்டவள். இப்போது யாரும் தடுக்கவில்லை.

குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து உரசினார்கள். மூத்தவனை. அடுத்தவனை. அதற்கடுத்தவனை. முப்பத்தொன்பது முறை. சிவப்புத் தலை சிவப்பாகவே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு," என்றது பந்து.

"விதி பதினொன்று!" என்று பேனர் ஆரம்பித்தது. பிறகு இருட்டைப் பார்த்தது. "சரி, சரி. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்."

கடைக்குட்டி கிழிசலிலிருந்து எட்டிப் பார்த்தான். மேசை மேல் அம்மா கிடந்தாள். ஒரு பக்கம் மட்டும் ஒரு விரலளவுக்குக் காய்ந்திருந்தது. அவளைச் சுற்றி அண்ணன்மார்கள்.

"நான் ஒருதரம்தான் எரிவேன்," என்றான். "அந்த வெளிச்சத்துல பின்னாடி பெஞ்சைப் பார்ப்பீங்களா? எங்க தெருக்காரங்க உட்காருற பெஞ்ச். அதுல யாரு இருக்காங்கன்னு மட்டும் பார்க்கணும்."

"கட்டாயம் பார்ப்போம், குலக்கொழுந்தே," என்றது பேனர்.

அவன் அம்மாவின் காய்ந்த விலாவில் உரசினான். குப்பென்று வெளிச்சம் வந்தது.

சுவரில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. அதற்குக் கீழே நீளமான பெஞ்ச். அதில் ஒருவரும் இல்லை. பந்து மட்டும் அதைப் பார்த்தது. மற்ற எல்லோரும் அறிவிப்புத் தாளின் மேல் குனிந்திருந்தார்கள்.

"சீக்கிரம் படி, அணையப் போகுது!" என்றார்கள். "படிக்கிறேன், படிக்கிறேன்!" என்றது முத்திரை. "திட்டக் குழுவுக்கு மாற்று உறுப்பினர் ஒருவர் தேவை... தகுதி, குழுவின் முடிவுகளால் நேரடிப் பாதிப்பு ஏதும் இல்லாதவராக இருக்க வேண்டும்... முடிஞ்சுது, முடிஞ்சுது!"

வெளிச்சம் அணைந்தது.

அந்த வருஷம் விண்ணப்பித்த அத்தனை பேருக்குமே தகுதி இருந்தது.